பலகை சொன்ன வரலாறு

கோட்டை கட்டினான், கொடி நாட்டினான், கொன்று குவித்தான் என்று மன்னர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துத்தான் நானும் பட்டம் பெற்றேன். அதே பாடத்தை இன்று மாணவருக்கு நடத்தியும் வருகிறேன். ஆனால், வரலாறு என்பது நம் வீட்டு வாசற்படி வரை வந்து நிற்கும் பொருள் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது கல்லூரி அன்று. மாட்டுக் கொட்டகையிலே, தவிட்டுத் தொட்டிக்கு மூடியாகக் கிடந்த ஒரு மரப்பலகை!

கம்பம் பள்ளத்தாக்கிலே, மேகமலையின் அடிவாரத்திலே, சண்முகாநதி அணைக்கு அருகே அமைந்தது எங்கள் ராயப்பன்பட்டி. வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலும் சூழ்ந்த ஊர். இங்கே என் தாத்தா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடை போய்விட்டது, கணக்குப் புத்தகம் கறையானுக்கு இரையாயிற்று, பலகை மட்டும் எஞ்சியது. ஒரு மாலை, சாய்வாக விழுந்த வெயிலிலே அதைப் பார்த்தேன். மேலே மஞ்சள் எழுத்திலே தாத்தாவின் பெயர். அந்தப் பெயருக்குப் பக்கத்திலே, வண்ணமே இல்லாத இடத்திலே, மரத்திலிருந்து மெல்லப் புடைத்து நின்றன வேறு நான்கைந்து எழுத்துகள். தடவிப் பார்த்தேன். விரல் படித்துவிட்டது. அது எங்கள் குடும்பத்தின் சாதிப் பட்டம்!

மாயமா, மந்திரமா? இரண்டும் இல்லை. எண்ணெய் வண்ணம் கனமாகத் தீட்டப்பட்ட இடத்திலே மரம் வெயிலுக்கும் மழைக்கும் தப்புகிறது. தீட்டப்படாத இடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து பள்ளமாகிறது. பிறகு அந்த எழுத்தைச் சுரண்டி, மேலே புதுப்பூச்சுப் பூசினாலும், மேடு மேடாகவே நிற்கும். அழித்தவன் அழித்தான், பலகை மறக்கவில்லை.

அழித்தவர் யார் என்று அப்பாவைக் கேட்டேன். தாத்தாவேதான் என்றார். பலகை வெளுத்துப் போய், மறுபடி எழுத வந்த ஓவியர், "அய்யா, பழையபடியே எழுதிடவா?" என்று கேட்டாராம். தாத்தா சற்று நேரம் பலகையைப் பார்த்தபடி இருந்து, "பேரை மட்டும் எழுது தம்பி, போதும்" என்றாராம். அவ்வளவுதான். தாத்தா மேடை ஏறியவர் அல்லர். சிறை சென்றவரும் அல்லர். எந்த ஏட்டிலே எதைப் படித்தார், எந்தக் கூட்டத்தின் ஓரத்திலே நின்று எதைக் கேட்டார் என்பதும் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த ஒரு கேள்வியும் ஒரு விடையும்தான் என்னைப் பலகைகளின் வரலாற்றைத் தேடவைத்தன.

கடைக்கு அடையாளம் வைப்பது நமக்குப் புதிதன்று. பட்டினப்பாலையைப் படித்தவர் அறிவர்: காவிரிப்பூம்பட்டினத்திலே கள் விற்கும் இடத்துக்கு ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் புலமையோர் இருக்கைக்கு ஒரு கொடி, துறையிலே நிற்கும் கலங்களுக்கு ஒரு கொடி. மதுரைக்காஞ்சி காட்டும் கூடல் நகரத் தெருக்களிலும் கொடிகள் ஆடுகின்றன. படிக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் கொடி ஒன்றே.

எழுத்து அன்று எளியவர் கைக்கு எட்டாத பொருளாக இருந்ததா? நம் தேனி மாவட்டமே இதற்கு விடை சொல்கிறது. 2006இல் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையிலே தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த நடுகற்களிலே தமிழி எழுத்து இருக்கிறது. ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலிலே மாண்ட அந்தவன் என்பவனுக்கு நட்ட கல். கிறித்துவுக்கு முன் 3, 2ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர் கணிக்கின்றனர். மன்னனுக்கு அன்று, மாடு மீட்கப் போனவனுக்கோ கவரப் போனவனுக்கோ எழுத்திலே ஒரு கல்! இந்தப் பள்ளத்தாக்குப் பக்கத்தின் முதல் பெயர்ப்பலகை அதுதான் என்று மாணவரிடம் சொல்வேன். அப்படி ஊர்ப்புறத்துக் கல்வரை வந்த எழுத்து, பிற்காலத்திலே பெரும்பாலோர்க்கு எட்டாக் கனியானது எப்படி? 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியிலே எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்தான். 2011இல் நூற்றுக்கு 80 பேர். இடையிலே நடந்தது எத்தனை பெரிய மாறுதல் என்பதைப் பள்ளிக்கூடங்களைப் போலவே கடைத்தெருப் பலகைகளும் காட்டும்.

அதனாலேதான் பழைய பலகைகளிலே எழுத்தைவிடப் படம் பெரிது. முடி திருத்துவோர் கடையிலே கத்திரிக்கோலும் சீப்பும். பல் கட்டுவோர் கடையிலே இளித்த பல்வரிசை. கண்ணாடிக் கடையிலே இமைக்காத இரு விழிகள். உலகெங்கும் இப்படித்தான். இங்கிலாந்திலே 1393இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னன் மது விற்கும் விடுதிகள் அடையாளப் பலகை தொங்கவிட்டே தீரவேண்டும் என்று ஆணையிட்டான். அங்கே சிங்கமும் அன்னமும் ஆடின, இங்கே கத்திரிக்கோல் ஆடிற்று.

எழுத்துப் பலகை பெருகியது ஆங்கிலேயர் காலத்தில். கூடவே ஒரு நோயும் வந்தது. வெல்லமும் பருப்பும் விற்கும் கடைக்கு 'அண்டு சன்ஸ்', 'அண்டு கோ' என்று ஒரு வால்! வாங்க வருகிறவருக்கு ஆங்கிலம் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது, எழுதிய ஓவியருக்கோ எழுத்து ஒரு படம் மட்டுமே. தேயிலைக் கம்பெனிகள் விவரமானவை. 1930களிலே, தேநீர் குடிக்கப் பழக்க வேண்டும் என்று வந்தபோது, பீங்கான் பூச்சுப் பூசிய தகரப் பலகைகளிலே தமிழிலேயே எழுதி மாட்டின. காசு வாங்க வேண்டுமானால் காசு வைத்திருப்பவன் மொழியிலே பேச வேண்டும் என்பதை வெள்ளைக்காரன் அறிந்திருந்தான். நம் கடைக்காரர் அறிய நாளாயிற்று.

பலகை எழுதும் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கையால் செய்யும் தொழிலைக் கீழாகவும், மந்திரம் சொல்லும் தொழிலை மேலாகவும் வைத்த நாட்டிலே, இத்தகைய கைகளைப் பற்றி எவரும் எழுதி வைப்பதில்லை அல்லவா? எங்கள் பகுதியிலே இன்றும் தூரிகை பிடிக்கும் முதியவர் ஒருவரிடம் விடுமுறை நாள்களிலே உட்கார்ந்து கேட்டதைச் சொல்கிறேன்.

பலகை எழுதுவதிலே பாதிக்குமேல் எழுத்தே கிடையாது; தயாரிப்புத்தான். மரமானால் இழைத்து, வெடிப்பிலே பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். தகரமானால் துரு போகத் தேய்த்து, பிரைமர் பூச வேண்டும். அது காய்ந்தபின் அடிநிறம் இரண்டு பூச்சு. ஒரு பூச்சு முழுக்கக் காயாமல் மறுபூச்சுப் பூசினால், மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் நிற்கும், ஓராண்டிலே வெடித்துச் செதிலாகிவிடும். "அவசரப்படுற கடைக்காரர்தான் அடுத்த வருசமே திரும்பி வருவார்" என்றார் பெரியவர், சிரித்துக்கொண்டே. அதன்பிறகு சுண்ணப்பொடி தடவிய நூலைப் பிடித்துத் தெறித்து மேற்கோடு, கீழ்க்கோடு, சாக்பீசாலே எழுத்தின் எலும்புக்கூடு, பின்னர்தான் தூரிகை. எழுதும் கை நடுங்காமல் இருக்க, நுனியிலே துணி சுற்றிய ஒரு குச்சியைப் பலகையிலே சாய்த்து, அதன்மீது மணிக்கட்டைத் தாங்கிக்கொள்வார்கள். கடைசியாக எழுத்தின் ஒரு புறத்திலே நிழல். அந்த நிழல் விழுந்த பிறகே தெருவின் மறுமுனையிலிருந்து வருபவனுக்கு எழுத்து எழும்பித் தெரியும்.

அந்தக் காலத்து ஓவியர்கள் நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயிலே தாமே அரைத்துக் குழைத்தார்கள். டப்பாவிலே வண்ணம் வந்தது பிறகு. ஹவுராவிலே ஷாலிமார் பெயிண்ட்ஸ் 1902இல் தொடங்கியது. பம்பாயிலே ஏஷியன் பெயிண்ட்ஸ் 1942இல். டப்பா எனாமல் ஊருக்கு ஊர் கிடைக்கத் தொடங்கியதும், சிற்றூரிலும் 'ஆர்ட்ஸ்' என்ற பெயரோடு ஓவியர்கள் தோன்றினார்கள். பலகையின் அடி மூலையிலே சின்னஞ்சிறிய எழுத்திலே அவர்கள் பெயர் இருக்கும். கவனித்திருக்கிறீர்களா? கோயில் கட்டிய தச்சன் பெயரைக் கல்வெட்டிலே தேடினால் எளிதில் கிடைக்காது. டீக்கடை எழுதியவன் பெயர் மூலையிலே கிடைக்கிறது!

எழுதியதோடு முடிவதில்லை, காப்பதே பெரிய வேலை. ஆனி, ஆடியிலே மேற்குக் கணவாய் வழியே வரும் காற்று, எங்கள் பள்ளத்தாக்கிலே மண்ணை வாரிப் பலகையிலே அறையும். மேற்குப் பார்த்த கடை என்றால் பிற்பகல் வெயில் வேறு. கறுப்பும் சிவப்பும் நமக்கு உவப்பான நிறங்கள். ஓவியரைக் கேளுங்கள்: மலிவான சிவப்புத்தான் முதலில் வெளுக்கும், கறுப்பு கடைசிவரை நிற்கும் என்பார். செங்காவி வெளுப்பதே இல்லையாம். மகிமை ஒன்றுமில்லை, அது மண்ணிலுள்ள இரும்பின் துரு, வெயிலுக்கு அசையாது. அவ்வளவே!

ஆண்டுக்கு இருமுறை சவர்க்கார நீரிலே துணியை நனைத்துத் துடைக்க வேண்டும். சாம்பலும் மண்ணும் போட்டுத் தேய்த்தால் பளபளப்புப் போய்விடும். ஆணி துருப்பிடித்தால் அந்தத் துரு கண்ணீர்க் கோடு போல எழுத்தின் மீது வழியும். ஆணியை மாற்ற வேண்டும். மரப்பலகையின் பின்புறத்துக்கும் எண்ணெய் பூச வேண்டும்; முன்பக்கம் மட்டும் பூசினால் பின்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளைந்துவிடும். இவற்றைச் செய்யாமல், ஆயுதபூசை நாளிலே பலகைக்குத் திருநீறும் சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டு, திருஷ்டிப் பூசணிக்காயும் கட்டிவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்று போகிறவர்கள் உண்டு. சந்தனக் கறை வண்ணத்திலே ஏறிவிட்டால் போகாது என்று நொந்துகொள்கிறார் பெரியவர். ஆளிவிதை எண்ணெய் காத்த பலகைகளைக் கண்டிருக்கிறேன். பூசணிக்காய் காத்த பலகையை இன்னும் காணவில்லை.

எவ்வளவு காத்தாலும் நாலைந்து ஆண்டிலே மறுபடி எழுதியே ஆகவேண்டும். இங்கேதான், தோழர்களே, என் தாத்தாவின் கதை பொருள்படுகிறது. கல்வெட்டு ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். பலகையோ, ஒவ்வொரு முறை வெளுக்கும்போதும் உரிமையாளரை நிறுத்திக் கேட்கிறது: பழையபடியேவா, வேறா? விடை சொல்லாமல் தப்ப முடியாது.

எல்லாரும் தாத்தாவைப் போல் தாமாக விடை சொல்லிவிடவில்லை. சிலரைச் சொல்லவைக்க நாடே போராட வேண்டியிருந்தது.

கம்பத்திலிருந்து குமுளி மலையேறி, கோட்டயம் வழியாகப் போனால் வைக்கம். அங்கே கோயிலைச் சுற்றிய தெருக்களின் முனையிலே பலகைகள் நின்றன: இன்னின்ன சாதியார் இதைத் தாண்டி வரக்கூடாது என்று. தெருவிலே நாய் நடக்கலாம், பன்றி நடக்கலாம். ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது! 1924 மார்ச் 30 அன்று சத்தியாக்கிரகிகள் அந்தப் பலகையை நோக்கித்தான் நடந்தார்கள். அதன் எதிரிலேதான் கைது செய்யப்பட்டார்கள். தலைவர்கள் சிறைப்பட்டபின் ஏப்ரலிலே பெரியார் அங்கே சென்றார், இருமுறை சிறைப்பட்டார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது கோயிலைச் சுற்றிய தெருக்களிலே பெரும்பகுதி திறந்தது. கோயில் திறக்க 1936 நவம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுத்தை மக்களுக்குக் கற்பிக்காத சமுதாயம், எழுத்தை மக்களைத் தடுக்க மட்டும் பயன்படுத்தியது. படிக்கத் தெரியாதவனைத் தடுக்கும் பலகை! படிக்க விட்டிருந்தால்தானே படித்துப் பார்த்து விலகுவான்? அதனால்தான் பலகைக்குப் பக்கத்திலே போலீசையும் நிறுத்தினார்கள்.

ரயில் நிலையங்களிலே சாப்பாட்டு அறை இரண்டு: 'பிராமணர்' என்று ஒரு பலகை, 'இதரர்' என்று ஒரு பலகை. ஒரே வண்டி, ஒரே கட்டணம், ஒரே புகை. சோறு மட்டும் வேறு. தொடர்ந்த எதிர்ப்பின் பயனாக 1941இல் அந்தப் பிரிவினை நீங்கியது. ரயிலடியிலே போனது, நகரத்து ஓட்டல் வாசலிலே போகவில்லை. 'பிராமணாள் காபி கிளப்' என்ற பலகை, விடுதலை பெற்ற இந்தியாவிலே, அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்த பின்னரும் தொங்கியது. அந்தச் சொல் வெறும் பெயர்தானே, சமையல்காரர் யார் என்பதற்கு அடையாளம்தானே என்று வாதிட்டோர் இருந்தனர். ஒருவன் தன்னை உயர்ந்தோன் என்று வாசலிலே எழுதி மாட்டினால், உள்ளே வருகிறவனை என்னவென்று எழுதியதாகப் பொருள்? இதுதான் பெரியார் கேட்ட கேள்வியின் சாரம். 1957 மே மாதம் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னே மறியல் தொடங்கிற்று. நாள்தோறும் தொண்டர் வருவர், கைதாவர். மறுநாள் வேறு தொண்டர் வருவர். மாதங்கள் பல உருண்டன. நூற்றுக்கணக்கானோர் சிறை ஏகினர். முடிவிலே ஓட்டல் உரிமையாளர் அந்தச் சொல்லை நீக்கினார். ஒரு சொல்லை அழிக்க ஒரு தூரிகைக்கு அரை நாழிகை போதும். அந்தத் தூரிகையை எடுக்கவைக்க இத்தனை பேர் சிறைக் கதவைத் தட்ட நேர்ந்தது!

இது நம் நாட்டு நோய் மட்டும் என்று எண்ண வேண்டா. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே தண்ணீர்க் குழாய்க்கு மேலே 'வெள்ளையர்', 'நிறத்தவர்' என்று பலகைகள். 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம்தான் அவற்றின் காலை முறித்தது. தென்னாப்பிரிக்காவிலே 1953இல் தனித்தனி வசதிச் சட்டம் என்றே ஒன்று போட்டு, கடற்கரை மணலுக்கும் பூங்கா இருக்கைக்கும் பலகை நட்டார்கள். அதை நீக்க 1990 ஆயிற்று. அங்கும் அவற்றைக் கையால் எழுதிய ஓவியன் ஒருவன் இருந்திருப்பான். அவன் எந்த நிறத்தவனோ!

பலகையை மாற்றுவது பெயரை மீட்பதாகவும் ஆயிற்று. 1953 சூலை 15 அன்று டால்மியாபுரம் ரயில் நிலையப் பலகையின் மீது, கலைஞர் தலைமையிலே சென்ற அணி 'கல்லக்குடி' என்று அச்சிட்ட தாளை ஒட்டியது. சிமென்ட் ஆலை முதலாளியின் பெயர் ஊரின் பெயரை விழுங்கியிருந்தது. ஒட்டிய தாள் மழைக்கு நிற்காது, ஒட்டியவர்கள் சிறையிலே. ஆனால் 1969இல், அதே கலைஞர் முதலமைச்சராக இருந்த ஆண்டிலே, அந்தப் பெயர் நிலையான வண்ணத்திலே அந்தப் பலகைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே, 1967 ஏப்ரலிலே, கோட்டையிலே 'தமிழக அரசு தலைமைச் செயலகம்' என்ற ஒளியெழுத்துப் பலகையை அண்ணா ஏற்றிவைத்தார். செக்ரடேரியட் போயிற்று, செயலகம் வந்தது.

கோட்டையிலே ஏறிய விளக்கைவிடக் கடைத்தெருவிலே நடந்த மாற்றமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. முடி திருத்துவோரை அவர்தம் சாதிப் பெயராலே, அதுவும் ஏளனமாக, அழைத்த ஊர்களிலே 'முடி திருத்தும் நிலையம்' என்று பலகை ஏறியது. தொழிலுக்குத் தொழிற்பெயர், தொழிலாளிக்கு மரியாதை. அந்த நிலையங்களும் தேநீர்க் கடைகளுமே அன்று நம் ஏடுகளின் படிப்பகங்கள். ஒருவர் உரக்கப் படிப்பார், முகத்திலே சோப்பு நுரையோடு ஒருவர் கேட்பார், முறைக்குக் காத்திருப்பவர் மறுத்துப் பேசுவார். பள்ளியின் வாசலை மிதியாதவர் பலர் வாசற்பலகையிலே தொடங்கி எழுத்துக் கூட்டியது அங்கேதான்.

எழுத்தின் வடிவமும் அப்படியே. 1935இல் குடி அரசு ஏட்டிலே பெரியார் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தம், 1978இல் எம்.ஜி.ஆர். அரசின் ஆணையாலே பொதுவழக்காயிற்று. யானைத் துதிக்கை போல் மேலே வளைந்த கொம்போடு எழுதிய 'லை', 'னை'. காலை உள்ளே மடக்கிக்கொண்ட 'ணா', 'றா'. இவற்றைப் பழைய கடைப்பலகையிலும் கல்லறைக் கல்லிலும் இன்னும் காணலாம். பலகையின் வயதை அறிய அதுவே வழி: துதிக்கை இருந்தால் பெரும்பாலும் 1978க்கு முந்தியது. மாணவரோடு தெருவிலே இறங்கித் துதிக்கை தேடிய நாளிலே, அவர்கள் வகுப்பறையில் ஒருநாளும் காட்டாத ஆர்வத்தைக் காட்டினார்கள். ஒரு சிறுமி கேட்டாள்: "சார், எழுத்தை மாத்தலாம்னா, எதை வேணும்னாலும் மாத்தலாம்ல?" ஆம் என்றேன்.

தமிழிலே பலகை இருக்கவேண்டும் என்பதற்குச் சட்டமும் உண்டு. கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் 1948இல் வந்த விதிகளிலே 15ஆம் விதி அது. தமிழ், ஆங்கிலம், பிறமொழி மூன்றும் எழுதினால் 5:3:2 என்ற அளவு. பத்தடிப் பலகையிலே ஐந்தடி தமிழுக்கு. அடிக்கோலோடு வாழும் ஓவியருக்கு இதைவிட எளிய கணக்கு ஏது? ஆயினும் பெருநகரக் கடைத்தெருவிலே நடந்து பாருங்கள், அடிக்கோல் எங்கே போயிற்றென்று வியப்பீர்கள். கம்பத்திலும் குமுளியிலும் தமிழோடு மலையாளமும் எழுதுவதை நான் குறைகூற மாட்டேன். அது ஏலக்காய்க்கும் காய்கறிக்கும் வருகிற மனிதனை அவன் மொழியிலே வரவேற்பது. பென்னிகுக் பெயரைக் கடைப்பலகையிலே ஏற்றியிருக்கும் எங்கள் பள்ளத்தாக்கின் வழக்கத்தையும் நான் விரும்புகிறேன். 1895இல் அணை கட்டி 14,707 ஏக்கர் இருபோகத்துக்கு நீர் வரக் காரணமான பொறியாளரின் பெயர் அது. அவதாரங்களுக்கு நடுவே ஒரு பொறியாளர்!

ஆனால் மகிழ்ச்சியோடு முடித்துவிட முடியாதபடி ஒன்று நடந்திருக்கிறது. 2000க்குப் பிறகு வந்த பிளெக்ஸ், கைத்தூரிகையை ஓரங்கட்டிவிட்டது. காலையிலே சொன்னால் மாலையிலே தயார், விலையும் குறைவு. ஓரிரு ஆண்டிலே வெளுக்கும். வெளுத்ததைக் கழற்றி வைக்கோற்போருக்கு மூடுகிறார்கள். ஓவியரின் பிழைப்புப் போனது ஒரு துயரம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றும் துயரம் வேறு: கேள்வி கேட்பார் இல்லாமற் போயிற்று. பொறிக்கு எதுவும் உறுத்தாது. கொடுத்த கோப்பை அப்படியே அச்சிடும். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம், ஊர்முனையிலே ஆளுயரத்திலே திரும்பி வந்து நிற்கிறது. என் தாத்தா சுரண்டி எடுத்த சொல்லை, அவருக்குப் பேரன் முறை உள்ளவர்கள் பத்தடி நீளத்துக்கு அச்சடிக்கிறார்கள். 2012இல் திருவரங்கத்திலே ஓர் உணவகப் பலகையிலே 'பிராமணாள்' மீண்டும் எழுந்து, மீண்டும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்தச் சொல்லை மட்டும் கண்டித்துவிட்டு, நம் தெருமுனைப் பட்டங்களுக்குக் கண்ணை மூடிக்கொள்வது பகுத்தறிவாகுமா?

பள்ளிக்கூட வாசலுக்கே வருகிறேன், நான் அங்கேதான் நிற்கிறேன். 2023இல் நாங்குநேரியிலே உடன்படிக்கும் மாணவரே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின், அரசு நீதிபதி சந்துரு தலைமையிலே குழு அமைத்தது. 2024 சூனில் அது அளித்த அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்கச் சொன்னது. 'கள்ளர் சீரமைப்பு', 'ஆதி திராவிடர் நலம்' என்று பலகை தாங்கிய பள்ளிகள் தமிழ்நாட்டிலே உண்டு. முதல்வகை எங்கள் மாவட்டங்களுக்கே உரியது. எதிர்ப்பும் எழுந்தது. எதிர்ப்பவரை வெறும் சாதி வெறியர் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரிலே துப்பாக்கிக் குண்டுக்கு 16 பேர் வீழ்ந்தார்கள். அந்த வரலாற்றின் மடியிலே பிறந்த பள்ளிகள் அவை. பெயரை எடுத்தால் வரலாறும் போய்விடுமே என்ற அச்சம் பொய்யன்று. ஆனால் வரலாறு வாசற்பலகையிலேதான் வாழும் என்பதில்லை. பெருங்காமநல்லூரை உள்ளே வகுப்பிலே நடத்துவோம். கூடத்திலே கல்லிலே பொறிப்போம். வாசலிலே ஊர்ப்பெயரும் 'அரசு மேல்நிலைப் பள்ளி' என்பதும் போதும். உள்ளே நுழையும் சிறுவன், அவன் எச்சாதியாயினும், தன் பள்ளி இது என்று படிக்க வேண்டும். விருந்தாளி என்று படிக்கக்கூடாது.

சென்ற பொங்கலுக்கு முன், அந்தத் தவிட்டுத் தொட்டி மூடியைக் கழுவித் துடைத்து, சைக்கிளிலே கட்டி, தூரிகைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். ஊரிலே நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கும் படிப்பகத்துக்குப் பலகை வேண்டியிருந்தது. பெரியவர் பலகையை வெயிலிலே சாய்த்துப் பார்த்தார். அவர் விரலும் அந்தப் புடைப்பிலே நின்றது. படித்துவிட்டார் என்று முகத்திலே தெரிந்தது.

"இழைச்சு எடுத்திடவா சார்? தடம் தெரியாமப் போயிரும்" என்றார்.

"வேண்டாம்யா, இருக்கட்டும். மேலே 'படிப்பகம்'னு எழுதுங்க" என்றேன்.

பின்புறமும் எண்ணெய் பூச வேண்டும், இரண்டு பூச்சும் நன்றாகக் காய வேண்டும், பனி வேறு பெய்கிறது, பத்து நாள் ஆகும் என்றார். பத்து நாள் காத்திருந்தோம்.